முதல் தரத் தெளிவு

இதயத்தைப் படம் பிடிக்கும் மையத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஐந்து மாடி கட்டியிருந்தார்கள். இதயத்துக்கு வைத்தியம் பார்க்கும் துறைக்குப் பின்பக்கத்தில், சலவை அறையை ஒட்டி, ஒரு தாழ்வாரத்தை ஒதுக்கியிருந்தார்கள். கட்டியவர்களைக் குறை சொல்லக் கூடாது. படத்தைப் பார்க்க மந்திரி வருவார், வெளிநாட்டு நிபுணர்கள் வருவார்கள், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். வைத்தியத்தைப் பார்க்க நோயாளியை விட்டால் வேறு யார் வரப்போகிறார்கள்?

இந்த ஞானமெல்லாம் இல்லாமல்தான் தையல்காரம்மா தன் வீட்டுக்காரரை முன்வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போனாள். அவர் நகரப் பேருந்து டிரைவர். மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே நின்றுவிடுவார். யாராவது பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் அவர்கள் ஏறி, மூச்சு வாங்கி, உட்காரும்வரை வண்டியை எடுக்க மாட்டார். அவர் வண்டிக்கு ஆமை வண்டி என்று பேர். பேர் வைத்தவர்களே மழை நாளில் அந்த வண்டி வரட்டும் என்று காத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கொஞ்ச நாளாக டிப்போ மாடிப்படி ஏறும்போது அவருக்கு நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. நின்றால் போய்விடும், ஏறினால் வந்துவிடும். டிப்போ டாக்டர் மார்பில் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. கோடு எடுத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று தெரியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். “இருக்கா இல்லையான்னு மட்டும் கேட்டுக்கிட்டு வாங்க. இருந்தா வைத்தியம், இல்லேன்னா வண்டி. அவ்வளவுதான்” என்றார். தையல்காரம்மா அந்த ஒரு கேள்வியை மட்டும் மனதில் முடிந்துகொண்டு வந்தாள். பெரிய இடம், பெரிய டாக்டர்கள், மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும் என்று நினைத்து, தன் தையல் கடைக் கதவில் ‘சற்று நேரத்தில் வருகிறேன்’ என்று எழுதிய அட்டையை மாட்டிவிட்டு வந்திருந்தாள். பாவம்.

மையத்தின் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி இருந்தது. அதில் மையத்தின் இயக்குநர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். மங்கலான படம் என்பது மனித உரிமை மீறல் என்றார். வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிராமல், படம் பார்க்க வந்தீர்களா, படம் எடுக்க வந்தீர்களா என்று கேட்டாள். படம் பார்க்க வருகிறவர்களுக்குச் சோபாவும் பழரசமும் வைத்திருந்தார்கள். எடுக்க வந்தவர்களுக்குப் பக்கத்து நடையில் ஒரு பெஞ்சு இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். மெஷின் காந்தம் என்பதால் உலோகம் எதுவும் கூடாதாம். டிரைவரின் மோதிரம் கழற்ற வரவில்லை. கல்யாணத்தன்று போட்ட விரல் இப்போது இரண்டு சுற்றுப் பெருத்திருந்தது. கைகழுவும் இடத்தில் சோப்புப் போட்டு அவள்தான் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உள்ளே நடந்ததை அவர் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து, பட்டறையில் தகரம் தட்டுவதுபோல் தட்டினார்களாம். மூச்சை இழு என்றார்களாம், பிடி என்றார்களாம், விடு என்றார்களாம். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும், மூச்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவில், நூல்போல் இருக்கும் ரத்தக் குழாயைப் படம் எடுக்க வேண்டும். நிதானமாகத் துடிக்கிற இதயம் வாய்த்தால்தான் படம் துலங்கும். அந்த மெஷினுக்குள் போனதும் மற்றவர்களின் இதயம் தறிகெட்டு ஓடுமாம். நம்ம டிரைவரின் இதயமோ நிறுத்தத்தில் நிற்கிற வண்டிபோல் சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. மெஷினை ஓட்டுகிற படக்காரர் மகிழ்ந்துபோய்ப் பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம். இப்படி ஒரு இதயம் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம் என்று அவர்கள் சொன்னார்களாம். டிரைவருக்குப் பெருமையாக இருந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நிதானத்துக்காக அவரை யாரும் பாராட்டியதில்லை.

வெளியே வந்த படக்காரரைத் தையல்காரம்மா நிறுத்தினாள். அடைப்பு இருக்கிறதா என்று கேட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். படத்தில் இருப்பதைப் பற்றிப் படக்காரர் வாய் திறந்தால் வேலை போய்விடுமாம். “பெரிய டாக்டரைச் சீக்கிரமா பாத்துடுங்கம்மா” என்று மட்டும் சொன்னார். அந்தச் சீக்கிரம் என்ற சொல்லில் இருந்த நடுக்கத்தை அவள் அன்று கவனிக்கவில்லை. பெரிய இடத்தில் எல்லோரும் அவசரமாகத்தானே பேசுவார்கள் என்று விட்டுவிட்டாள்.

பெரிய டாக்டர் என்று தனியாக யாரும் இல்லை. தெளிவுக் குழு என்று ஒன்று இருந்தது. முட்டை வடிவ மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் முன்னால் தண்ணீர் பாட்டில். இருட்டாக்கிய அறையில் டிரைவரின் இதயம் சுவரில் தெரிந்தது. அது மங்கல், சுமார், தெளிவு, முதல் தரத் தெளிவு என்று நான்கு தரத்தில் எந்தத் தரம் என்று அவர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள். டிரைவரின் இதயத்துக்குச் ‘சுமார்’ கிடைத்தது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். தன் மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டார்.

டிவியில் பார்த்த இயக்குநரேதான் குழுவுக்குத் தலைவர். நேரில் இன்னும் அன்பானவர். தையல்காரம்மா தன் கேள்வியைக் கேட்டதும் அவர் எழுந்து வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

“அம்மா, இந்தப் படத்துல குழாய் தெரியுது. இல்லேன்னு நான் சொல்லல. ஆனா எப்படித் தெரியுது? தெரிஞ்சா போதும்ங்கிற மாதிரி தெரியுது. இது தெரிஞ்சா போதும்னு நினைக்கிற மையம் இல்ல. நீங்க கேக்கிறது படத்துல என்ன இருக்குன்னு. நாங்க பாக்கிறது படம் எப்படி இருக்குன்னு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. என்ன இருக்குன்னு பாக்கிறதுக்குப் பின்பக்கம் ஒரு துறை இருக்கு. அவங்களுக்கு நாங்க முதல் தரம் மட்டும்தான் அனுப்புவோம். சுமாரான படத்தைக் குடுத்து அவங்களத் தொந்தரவு பண்ண எங்களுக்கு என்ன உரிமை இருக்கு?”

குழுவில் இருந்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள். படத்தைத் துலக்க ஒரு வழி உண்டு என்றும், கையில் ஊசி வழியாகக் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால் ரத்தம் வெள்ளை வெளேர் என்று பளிச்சிடும் என்றும், குழாயின் நெளிவு சுளிவெல்லாம் கண்ணாடிபோல் தெரியும் என்றும் சொன்னார்கள். அப்போதே தெரிந்துவிடுமா என்று தையல்காரம்மா கேட்டாள். தெளிவாகத் தெரியும் என்றார் இயக்குநர். அவள் நம்பினாள். அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கான்ட்ராஸ்ட் மருந்தில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு மருந்து ரத்தத்தில் பாய்ந்து சட்டென்று வெளியேறிவிடும், அது ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் படத்தைப் பிடித்துவிட வேண்டும். இன்னொரு மருந்து ரத்தத்திலேயே தங்கி நிற்கும், சாவகாசமாகப் படம் எடுக்கலாம். முதல் மருந்துக்கு ஒரு டாக்டர், இரண்டாவது மருந்துக்கு ஒரு டாக்டர். பெஞ்சில் இருந்த நோயாளிகள் அவர்களுக்குச் சீக்கிர டாக்டர், நிதான டாக்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே அறையில் உட்காருகிறவர்கள். ஏதோ ஒரு மாநாட்டில் ஒருவர் பேசும்போது மற்றவர் கொட்டாவி விட்டாராம், அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. பேச வேண்டியதையெல்லாம் நடுவில் படுத்திருக்கும் நோயாளியிடம் சொல்வார்கள். உங்க மருந்து போன பிறகு குழாயின் ஓரம் கலங்கலாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள் என்பார் நிதான டாக்டர். ஊசி குத்திய கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கும் டிரைவர் பயபக்தியோடு அதை அந்தப் பக்கம் சொல்வார். உங்க மருந்து பக்கத்துச் சிரைகளையும் சேர்த்து வெளிச்சம் போட்டுப் படத்தையே சந்தைக்கடையாக்குகிறது என்று பதில் வரும். அதை இந்தப் பக்கம் சொல்வார். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன நேரத்திலும் அவர் பதில் சொல்லிவிட்டதால் ஒரு நாள் படம் கெட்டுப்போனது. அவர் பேரில் ஒழுங்கீனம் என்று குறித்துக்கொண்டார்கள்.

சிறுநீரகம் தாங்குமா என்று ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் மருந்து ஏற்றினார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கையில் சில்லென்று ஏறி, நாக்கில் பழைய சாவியைச் சப்பிய ருசி வரும் என்று டிரைவர் சொன்னார். ஒரு மருந்து உடம்பை விட்டு முழுசாகப் போன பிறகுதான் அடுத்த மருந்து. இரண்டையும் ஒரே இதயத்தில் போட்டுப் பார்த்தால்தான் எது உசத்தி என்று நியாயமாகத் தெரியும். இவ்வளவு நிதானமான இதயம் வேறு எங்கே கிடைக்கும்? அதனால் வரச் சொன்னார்கள், போகச் சொன்னார்கள், மறுபடி வரச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் முடிந்த பிறகு, வீட்டுக்குப் போய் நன்றாக ஓய்வெடுங்கள் என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டில் அவர் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். சும்மா இருக்க முடியாத மனிதர், ஊக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பார். முன்பு படி ஏறினால் வந்த அழுத்தம் இப்போது வாளித் தண்ணீரைத் தூக்கினாலே வந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று, நெஞ்சு பிசையும்போதெல்லாம் தெருவில் யாரையோ பார்ப்பதுபோல் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

போனார்கள். அங்கே இருந்த டாக்டர் அந்த மையத்தின் பேரைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர்கள் எடுக்கும்போது நாங்கள் எடுத்தால் மரியாதையாக இருக்காது என்றார், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றும் சொன்னார். அவர்களுடைய படம் வந்ததும் கொண்டுவாருங்கள், எனக்கும் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றார்.

சரி, பின்பக்கத் துறையிலேயே கேட்டுவிடலாம் என்று அவள் ஒரு நாள் சலவை அறையைச் சுற்றிக்கொண்டு அந்தத் தாழ்வாரத்துக்குப் போனாள். அழுக்குப் போர்வை மூட்டைகளுக்கு நடுவில் ஜன்னல் வைத்து ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். படம் வந்துவிட்டதா என்று கேட்டாள். வரவில்லை. படம் இல்லாமல் டாக்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். எதை வைத்துப் பார்ப்பார் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆளை வைத்து, என்றாள் தையல்காரம்மா. குமாஸ்தா சிரித்தார். நல்ல மனிதர்தான், அந்தப் பேச்சை வேடிக்கை என்று நினைத்துவிட்டார். ஆளை வைத்துப் பார்ப்பதெல்லாம் அந்தக் காலம் என்றார்.

கடைசியில் ஒரு நாள் நிதான டாக்டரின் மருந்து வென்றது. குழு மறுபடி இருட்டறையில் கூடியது. சுவரில் படம் வந்ததும் எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் குழாய்கள் மரக்கிளைபோல் இதயத்தின் மேல் படர்ந்து தெரிந்தன. சீக்கிர டாக்டர்கூடக் கை தூக்கினார், அதுவும் யாரிடமும் சொல்லச் சொல்லாமல். முதல் தரத் தெளிவு. மையம் கட்டிய பிறகு முதல் தடவை. யாரோ கேக் வாங்க ஓடினார்கள். டிரைவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், கொழுப்பு ஆகாது என்று மேலிருந்த கிரீமை மட்டும் வழித்து எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள்.

விழா எடுத்தார்கள். படத்தைக் கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டித் திரை போட்டிருந்தார்கள். டிரைவரும் தையல்காரம்மாவும் கடைசி வரிசையில், தூண் மறைக்கிற இடத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். யாருடைய இதயம் என்று வெளியே தெரிந்துவிடக் கூடாதாம். இயக்குநர் திரையை விலக்கினார். கைதட்டல் அடங்கவே நேரம் பிடித்தது.

“பல வருஷத் தவம் இது. ஒரு பைசா அளவு அகலம்கூட இல்லாத ஒரு குழாய், அது ஒரு நிமிஷம் நிக்காம துள்ளிக்கிட்டே இருக்கு, அதை நாம பிடிச்சு நிறுத்தியிருக்கோம். இந்த இதயத்துக்குச் சொந்தக்காரர் யாருன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. முதல் தரம் கிடைச்ச அந்த நிமிஷமே பேரை அழிச்சுட்டோம். நோயாளியோட அந்தரங்கத்தை இந்த மையம் அவ்வளவு மதிக்குது. இன்னிக்கு இந்த இதயம் ஒருத்தருடையது இல்ல, மனித குலத்துடையது.”

டிரைவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அழகாத்தான் இருக்குல்ல?” என்று அவள் காதில் சொன்னார். அவளும் பார்த்தாள். எல்லாக் கிளைகளும் தடியாக வழுவழுவென்று இருந்தன. இடது பக்கம் பெரிய கிளை கிளம்புகிற இடத்தில் மட்டும், நூலைப் போட்டு இறுக்கிக் கட்டியதுபோல் ஒடுங்கியிருந்தது. விழா முடிந்து கூட்டம் கலைந்ததும், மாலையோடு வந்த இயக்குநரை மறித்து, அந்த இடம் ஏன் அப்படி ஒடுங்கிக் கிடக்கிறது என்று கேட்டாள்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. இதைக் கண்டுபிடித்த முதல் பொதுஜனம் நீங்கள்தான் என்றார். “அதுதாம்மா இந்தப் படத்தோட உயிரே. எல்லாக் குழாயும் நல்லா இருந்தா அதைக் காட்ட எந்த மருந்தும் போதும். அந்த ஒடுக்கத்துல, ஊசி நுழையற அளவு ரத்தம் போகுது பாருங்க, அதை இதுக்கு முன்னால யாரும் காட்டினது இல்ல.”

“அப்போ அது அடைப்புத்தானே சார்?”

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அதை அவர் சொல்லக் கூடாது, பின்பக்கத் துறைதான் சொல்ல வேண்டும். அப்படியானால் அங்கே படத்தை அனுப்புங்கள் என்று அவள் கெஞ்சினாள். அங்கேதான் ஒரு சிறு சிக்கல் என்றார் அவர். பேர் இல்லாத படத்தைப் பின்பக்கத் துறை வாங்காது. பேரை மறுபடி போடலாம் என்றால், இந்தப் படத்தில் இருப்பவர் இவர்தான் என்று யார் உறுதி சொல்வது? சம்பந்தப்பட்டவரே தன் இதயம் என்று சொல்லிக்கொண்டால் போதுமா? நாளைக்கு ஊரில் இருக்கிறவர்களெல்லாம் வந்து இது என் இதயம் என்று சொன்னால்? வேறு படம் எடுங்கள் என்றாள். முதல் தரம் வாங்கிய இதயத்தை மறுபடி படம் எடுப்பது வீண் செலவு என்று விதி இருந்தது. விதியை எழுதியவரும் அவர்தான். இருந்தாலும் தன்னால் ஆனதைச் செய்வதாக, அடுத்த கூட்டத்தில் வைப்பதாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உறுதி சொன்னார். அவர் கை கதகதப்பாக இருந்தது என்பதை நினைத்தால் அவளுக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த கூட்டத்துக்குக் குழுவினர் வரவில்லை, வெளிநாட்டு மாநாட்டுக்குப் படத்தோடு போயிருந்தார்கள். அதற்கு அடுத்த கூட்டத்தில் பேர் போடுவது பற்றி ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். வேறு ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, பேர் போட்ட படம் வந்ததும் கொண்டுவாருங்கள் என்றார்கள். தையல்காரம்மா துணிகளை அப்படியே போட்டுவிட்டு நடையாய் நடந்தாள். அவளோடு டிரைவரும் வந்தார். பின்பக்கம் போக வேண்டுமென்றால் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். கூடத்தில் எப்போதும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் அந்தச் சுவர்ப் படத்துக்கு முன்னால் கூட்டமாக நின்று, கையைக் காட்டி, கண்ணை மூடி, ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். பரீட்சைக் காலம். டிரைவர் அவர்களுக்கு மறைக்காமல் குனிந்து ஓரமாகப் போவார். ஒரு தரம் பாதி வழியில் மூச்சு முட்டி அந்தச் சுவரிலேயே கையை ஊன்றி நின்றார். மறைக்குது சார், கொஞ்சம் தள்ளிக்குங்க என்றான் ஒருவன். மன்னிச்சுக்கோ தம்பி என்று சொல்லித் தள்ளிக்கொண்டார்.

அவள் அன்றைக்கே அந்தப் பையனைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருந்தால்? எத்தனையோ தரம் அவள் அதை நினைத்து மருகியிருக்கிறாள். ஆனால் படிக்கிற பிள்ளையிடம் போய் என்னத்தைக் கேட்பது, பெரிய டாக்டர்களே சொல்ல மாட்டேன் என்கிற விஷயத்தை?

பரீட்சைக் காலம் முடிந்து, வெயில் தணிந்திருந்த ஒரு காலையில், டிரைவர் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போக எழுந்தவர், போகவில்லை. அப்படியே துணிக்குவியல் மேல் சாய்ந்தார். முகமெல்லாம் வேர்வை. அவள் வாசலுக்கு ஓடி நடுத்தெருவில் நின்று கை காட்டினாள். அவருடைய டிப்போ வண்டி ஒன்று அந்தப் பக்கம் வந்தது. அதை ஓட்டி வந்தவர் பயணிகளையெல்லாம் இறக்கிவிட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவசரப் பிரிவு வாசலில் வண்டி நின்றபோது டிரைவருக்கு நினைவு இருந்தது. இவ்வளவு வேகமாக ஓட்டக் கூடாது என்று முனகினார்.

அவசரப் பிரிவில் அன்று இருந்தது சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி. பரீட்சை முடித்துப் புதிதாக வந்தவள். கோடு எடுத்தாள், முகம் மாறியது, ஊசி போடச் சொன்னாள், ஆபரேஷன் டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். எல்லாம் ஒரே நேரத்தில் செய்தாள். முன்னாடி ஏதாவது டெஸ்ட் எடுத்தீர்களா, குழாயில் எங்கே அடைப்பு என்று தெரியுமா, தெரிந்தால் நேரம் மிச்சமாகும் என்று கேட்டாள். ரிப்போர்ட்டா? இல்லை. பேரா? அழித்துவிட்டார்கள். தட்டுத் தடுமாறி, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற பெரிய படம் இவருடையதுதான் என்று சொன்னாள்.

டாக்டரம்மாவின் கை நின்றுவிட்டது. “அதுவா?” என்றாள். படுக்கையில் இருந்த மனிதரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு எதையும் கேட்கவில்லை. குழாயில் எங்கே, எவ்வளவு என்று அவளே மளமளவென்று சொல்லிக்கொண்டு, கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஒரு ரிப்போர்ட்டும் அவளுக்குத் தேவைப்படவில்லை. கதவு மூடிக்கொண்டது.

ஆபரேஷன் டாக்டர்கள் தங்களால் ஆனமட்டும் பார்த்தார்கள். அவர்கள் பேரில் தையல்காரம்மாவுக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. கதவு திறந்து வெளியே வந்தது அந்தச் சின்ன டாக்டரம்மாதான். சொல்ல வேண்டியதை நின்றுகொண்டு சொல்ல முடியாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்திலேயே தையல்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போன அந்த ஒரு கேள்விதான் வந்தது.

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும், அது எங்க இருக்குன்னு?”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். கழற்றி முடிந்த பிறகும் விரல்களை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க கடைசிப் பரீட்சையில அந்தப் படம் வந்துச்சும்மா. இந்த நோயாளிக்கு என்ன செய்வீங்கன்னு கேள்வி.”

“என்ன எழுதினீங்க?”

“இடது பக்கம் பெரிய குழாய் ஆரம்பிக்கிற இடத்துல அடைப்பு. அன்னிக்கே அட்மிட் பண்ணணும், உடனே ஆபரேஷனுக்கு அனுப்பணும்.”

“எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்களா?”

“எல்லாரும். சுலபமான கேள்விம்மா அது. யாரும் தப்பு பண்ணல.”

“அது யாரு, இருக்காரா இல்லையான்னு ஒருத்தர்கூடக் கேக்கலையா?”

“அது கேள்வித்தாள்ல வந்த படந்தானேம்மா” என்றாள் டாக்டரம்மா.

தள்ளுவண்டியில் யாரோ போர்வை மூட்டைகளைச் சலவைக்குக் கொண்டுபோனார்கள். அது போகிறவரைக்கும் தையல்காரம்மா காலை மடக்கி வழி விட்டாள்.

“வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கன்னு அனுப்பிடலாம்னு யாராவது எழுதியிருந்தா?”

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“பெயில் பண்ணியிருப்பாங்க” என்றாள்.